ஓட்டை இல்லாத ஒழுகல்

காணாமல்போன மனைவியைப் பற்றிச் சொல்ல வந்தவர், முதலில் எஞ்சினைப் பற்றித்தான் சொன்னார்.

"பழைய வண்டி மேடம். எங்கப்பா வாங்கினது. தங்கமாட்டம் வெச்சிருக்கேன். இப்போ கொஞ்ச நாளா மலை ஏறினா சூடு முள் சர்ருனு சிவப்புக்குப் போயிடுது. மூணு தடவை ஆயிடுச்சு. மூணாவது தடவைதான்..." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணாவது தடவைதான் அவ காணாமப் போனா."

வந்தவர் மூக்குக் கண்ணாடிக் கடை முதலாளி. சட்டையில் ஒரு மடிப்பு கலையவில்லை. குரலும் அப்படியே, இஸ்திரி போட்டது போல.

எதிரே உட்கார்ந்திருந்தவரை அந்த அலுவலகத்துக்கு வருகிற எல்லோரும் 'அண்ணி' என்றுதான் அழைப்பார்கள். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை கொடுக்கும் வேலையில் வெகுகாலம் இருந்தவர். பொய் சொல்லும் மனிதர்களையும் பொய் சொல்லத் தெரியாத இரும்பையும் அருகருகே வைத்துப் பார்த்துப் பழகிய கண். வேலையை விட்டதும் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். உதவிக்கு வந்தவன் கணவரின் தம்பி. அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அந்தப் பெயர் ஊருக்கே ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு ஊர் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தது. நிறுத்துவதற்குப் பொத்தான் இல்லாத ரேடியோ.

"முதல் ரெண்டு தடவை எங்க நின்னுச்சு?" என்றார் அண்ணி.

"முதல் தடவை அடிவாரத்துலயே, பெட்ரோல் பங்க் பக்கம். அங்கேயே தண்ணி ஊத்திக்கிட்டேன். அடுத்த தடவை நல்லா மேல ஏறின பிறகு. டிக்கியில தண்ணி கேன் வெச்சிருந்தேன், சமாளிச்சேன். இந்தத் தடவை நடுவுல, ஒரு பெரிய வளைவுல. கேனை எடுத்தா காலி. அடியில ஊசி நுழையற அளவுக்கு ஓட்டை."

"மலைமேல என்ன வேலை?"

"மேல எனக்கு ஒரு கிளைக் கடை இருக்கு. வாராவாரம் போவேன். அவளையும் கூட்டிட்டுத்தான் போவேன். வீட்ல தனியா விட்டுட்டுப் போக மனசு வராது."

"நீங்க வண்டியை விட்டு இறங்கிப் போனீங்களா?"

"தண்ணிக்காகக் கீழே இறங்கி நடந்தேன். போகும்போது உள்ளதான் உட்கார்ந்திருந்தா. திரும்பி வந்து பார்த்தா ஆள் இல்ல. கத்தினேன், தேடினேன். அப்புறம் தண்ணிய ஊத்தி வண்டியை எடுத்துக்கிட்டு போலீசுக்குப் போனேன். அதுதான் மேடம் ஆச்சரியம். ஊத்தின தண்ணி ஒரு சொட்டு ஒழுகல. வண்டி குதிரை மாதிரி ஓடுச்சு."

"அவங்க வேலைக்குப் போறாங்களா?"

"நர்ஸா இருந்தா. கல்யாணத்துக்கு அப்புறம் நான்தான் வேண்டாம்னுட்டேன். வீட்டு வேலையே போதும். வண்டியைக் கழுவறதுகூட அவதான். கிளம்பற அன்னிக்குக் காலையில பளபளன்னு ஆக்கி வெச்சுடுவா."

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

அவர் குரலில் முதல் தடவையாக ஒரு சுருக்கம் விழுந்தது. "மெக்கானிக் மேல. அவன்தான் வண்டியில ஏதோ பண்ணி அங்க நிக்கற மாதிரி செஞ்சு, அவளைக் கூட்டிட்டுப் போயிருக்கான். ஒருநாள் ஷெட்ல அவன்கிட்ட அவ பேசிட்டு இருந்ததை நானே பார்த்தேன். என் மனைவி யார்கிட்டயும் பேச மாட்டா மேடம். வண்டி இப்பவும் அங்கதான் நிக்குது, சாயங்காலம் எடுக்கப் போறேன். அதுக்குள்ள பார்த்துடுங்க." எழுந்துகொண்டார். "அவளைக் கண்டுபிடிச்சு என்கிட்ட ஒப்படைச்சிடுங்க. அது போதும்."

படியில் அவருடைய செருப்புச் சத்தம் ஓயும்வரை ரேடியோ வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அதுவே பெரிய சாதனை.

"ஒப்படைக்கறதுக்கு அந்தம்மா என்ன கூரியர் பார்சலா அண்ணி? பொண்டாட்டி என்ன கலர் புடவை கட்டியிருந்தான்னு ஒரு வார்த்தை இல்ல. எஞ்சினுக்கு மட்டும் ஜாதகமே சொல்லிட்டுப் போறாரு. எனக்கு என்னவோ இவரே அந்தம்மாவை மலையிலேருந்து தள்ளிட்டு, வண்டி மேல பழியைப் போடறாருன்னு தோணுது."

"தள்ளினவர் நம்மகிட்ட வந்து தேடச் சொல்லுவாரா?"

"அப்போ மெக்கானிக்?"

"வா, வண்டியையே கேட்போம்."

மெக்கானிக் ஷெட் ஒரு மரக்கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது. மெக்கானிக் முப்பதைத் தாண்டிய ஆள். அவர்களைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"யாரு அனுப்பினாங்கன்னு தெரியும். போலீசும் வந்துட்டுப் போயாச்சு. நான் அன்னிக்கு முழுக்க இங்கதான் இருந்தேன். பக்கத்து டயர் கடையில கேட்டுப் பாருங்க."

"உங்களைக் கேட்க வரல தம்பி," என்றார் அண்ணி. "தண்ணி எங்கே போச்சுன்னு கேட்க வந்தேன்."

மெக்கானிக்கின் தோள் கொஞ்சம் இறங்கியது. "அதுதான் மேடம் என் தூக்கத்தையே கெடுக்குது. நீங்களே பாருங்க."

பானட்டைத் தூக்கினான். ரேடியேட்டரின் வாயில் காற்றழுத்தம் கொடுக்கும் சிறிய பம்பை மாட்டி நாலு தடவை அடித்தான். பம்பின் மீட்டரில் முள் ஏறி நின்றது. ரேடியோ ஒரு டீயை வாங்கிக் குடித்து முடித்த பிறகும் முள் அசையவில்லை.

"ஓட்டை இருந்தா முள் இறங்கணும். இறங்கல. ஹோஸ் நல்லா இருக்கு. பம்ப் நல்லா இருக்கு. சூடானா தண்ணிக்கு வழி விடற தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வெந்நீர்ல போட்டேன், ஒழுங்காத் திறக்குது. ஃபேன் சுத்துது."

அண்ணி ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருக்கும். இது கறுப்பாகவே இருந்தது. எஞ்சினை ஓடவிட்டுச் சைலன்சருக்குப் பின்னால் போய் நின்றார். வெள்ளைப் புகை இல்லை. உள்ளே குனிந்து காலடி விரிப்பைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த விரிப்பு.

"அப்போ எஞ்சின் குடிக்கல, வண்டிக்குள்ளயும் ஒழுகல," என்றார்.

"சாமியார் மாதிரி தண்ணி ஆவியாப் போயிடுச்சு போல," என்றான் ரேடியோ.

"வண்டியைத் தூக்குங்க தம்பி."

ஜாக்கியில் முன்பக்கம் உயர்ந்தது. மரத்தாங்கல் வைத்ததும் அண்ணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு கோணியை விரித்துப் படுத்துவிட்டார். ரேடியோ டார்ச் பிடித்தான். அடியில் வருடக்கணக்கான மண்ணும் எண்ணெயும் கலந்து தடித்த தோலாகப் படிந்திருந்தது. அந்தத் தோலின் மேல் பச்சை நிறத்தில் மெல்லிய கோடுகள். ரேடியேட்டருக்கு ஊற்றும் கூலண்ட் காய்ந்த தடம்.

"கோடு எந்தப் பக்கம் போகுது பாரு."

"பின்பக்கம் அண்ணி. தலைமுடி காத்துல பறக்கற மாதிரி."

"நின்ன வண்டியில ஒழுகினா நேரா கீழே விழும். இது ஓடற வண்டியில ஒழுகி, காத்து பின்னால தள்ளின கோடு. ஓடும்போது ஒழுகியிருக்கு. நின்னதும் ஒழுகல் நின்னிருக்கு."

"நல்ல பழக்கமுள்ள ஓட்டையா இருக்கே! ஸ்டாப்பிங் பார்த்து நிக்குது."

அண்ணி கோடுகள் தொடங்கும் இடத்தைத் தேடிக்கொண்டு போனார். ரேடியேட்டரின் அடி ஓரத்தில், பழைய தண்ணீரை வடித்துவிடுவதற்கென்று ஒரு சின்னத் திருகு. விரலால் திருகுவதற்குப் பட்டாம்பூச்சியின் இறக்கை போல இரண்டு காதுகள். சுற்றிலும் மண் தோல் அப்படியே இருக்க, அந்தக் காதுகள் மட்டும் பித்தளையாகப் பளபளத்தன. ஒரு காதின் விளிம்பில் வெள்ளை நூல் இரண்டு சிக்கி ஒட்டியிருந்தன.

"உங்க வேஸ்ட் துணியா தம்பி?"

மெக்கானிக் குனிந்து பார்த்தான். "எங்க வேஸ்ட் எல்லாம் கலர் பனியன் துணி மேடம். இது சல்லடை மாதிரி இருக்கு. காயத்துக்கு வைக்கிற துணி."

அண்ணி திருகைக் கால் சுற்றுத் திறந்தார். ஒரு சொட்டு விழுந்தது. நிதானமாக இன்னொரு சொட்டு.

"அடேங்கப்பா," என்றான் ரேடியோ. "சலைன் பாட்டில் மாதிரி என்ன அளவா இறங்குது!"

சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான். அண்ணி கோணியின் மேல் எழுந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு."

"சலைன்... அண்ணி, அந்தம்மா நர்ஸ்!"

"சொட்டு எவ்வளவு வேகத்துல விழுந்தா பாட்டில் எப்போ காலியாகும்னு கணக்குப் போடறது அவங்க தொழில். காலையில வண்டியைக் கழுவறதும் அவங்கதான். கழுவின ஈரத் தரையில சொட்டு விழுந்தா யாருக்குத் தெரியும்?"

"மெக்கானிக்கே திறந்து விட்டிருக்கலாமே?" ரேடியோ சட்டென்று மெக்கானிக்கைப் பார்த்து, "தப்பா நினைக்காதீங்க அண்ணே, என் வேலை சந்தேகப்படறது," என்றான்.

"திறந்தது யாரா வேணா இருக்கட்டும். மூடினது யாரு?" என்றார் அண்ணி. "புருஷன் தண்ணியோட திரும்பி வந்து ஊத்தினாரு, ஒரு சொட்டு ஒழுகலன்னு அவரே சொன்னாரு. அவர் வர்றதுக்கு முன்னாடியே திருகை மூடியாச்சு. அந்த நேரத்துல வண்டிகிட்ட இருந்தது ஒரே ஒரு ஆள். கொதிக்கிற திருகை வெறும் கையால தொட முடியாது, துணியைச் சுத்திப் பிடிச்சிருக்காங்க. முதல் ரெண்டு தடவையும் வண்டி நின்னது ஒத்திகை. ஒரு தடவை சீக்கிரமே நின்னுடுச்சு, ஒரு தடவை தள்ளிப் போய் நின்னுச்சு. மூணாவது தடவை நினைச்ச இடத்துல நின்னுச்சு."

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"மேடம், அன்னிக்கு அவங்க என்கிட்ட கேட்டது இதைத்தான். 'அண்ணே, இந்தத் தண்ணியை முழுசா மாத்தணும்னா எங்கேருந்து வடிப்பீங்க'ன்னு. அக்கறையாக் கேக்கறாங்களேன்னு, இறங்கி வாங்க காட்டறேன்னேன். இறங்கவே இல்ல. கண்ணாடி இடுக்கு வழியாவே கேட்டுக்கிட்டாங்க. திமிர்னு நினைச்சேன்."

"புருஷனை மலையில நிக்க வெச்சுட்டு ஓடிப்போற அளவுக்கு என்ன கோபம்?" என்றான் ரேடியோ. "வாராவாரம் வெளியே வேற கூட்டிட்டுப் போறாரு. எங்கண்ணன் உங்களை எங்க கூட்டிட்டுப் போயிருக்காரு, சொல்லுங்க பார்ப்போம்?"

வண்டி கீழே இறங்கியிருந்தது. அவன் இடது பக்கக் கதவைத் திறந்து முன் இருக்கையில் சாய்ந்தான். "இப்போ நான்தான் அந்தம்மா. புருஷன் தண்ணிக்குப் போயாச்சு. நான் அலட்டிக்காம இறங்கி..." கதவைச் சாத்தினான்.

உள்ளே அவன் கை கதவைத் தடவும் சத்தம் கேட்டது.

"அண்ணி." அவனுடைய குரலில் வழக்கமான துள்ளல் காணவில்லை. "கதவுல கைப்பிடி இல்ல."

அண்ணி கண்ணாடி இடுக்கு வழியாகப் பார்த்தார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ரெக்ஸின் வழவழப்பாக ஒட்டப்பட்டிருந்தது. திருகுத் துளைகளுக்குக் கறுப்பு ரப்பர் மூடிகள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பிடியும் இல்லை. கண்ணாடி நாலு விரல் அளவுக்குத்தான் இறங்கியிருந்தது. காற்று வர மட்டும்.

"நான் எப்பவும் டிரைவர் பக்கம்தான் ஏறுவேன் மேடம்," என்றான் மெக்கானிக், யாரும் கேட்காமலேயே. "சத்தியமா கவனிக்கல. திமிர்னு நினைச்சேனே..."

அண்ணி வெளியிலிருந்து கதவைத் திறந்துவிட்டார். ரேடியோ இறங்கிச் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான்.

"அந்தப் பக்கம் தாவி டிரைவர் கதவு வழியாத்தான் இறங்கியிருக்கணும்," என்றார் அண்ணி. "அதுக்கு அவர் கண்ணுக்கெட்டாத தூரம் போகணும். அதுக்கு வண்டி நிக்கணும், கேன் காலியா இருக்கணும். ரேடியோ, நாம தேடிட்டு இருந்தது காணாமப் போனவங்களை இல்ல. தப்பிச்சுப் போனவங்களை."

தெருமுனைக்குப் போய்த் தனக்குத் தெரிந்த பெண் இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தார். திரும்பி வந்து மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பெரிய வளைவுல மத்தியானம் எந்த வண்டி நிக்கும்?"

"பஸ் நிக்காது மேடம். மலை ஆஸ்பத்திரி வேன்தான், ஷிப்ட் மாறற நேரத்துல ஸ்டாஃபை ஏத்திக்கிட்டுப் போகும்."

அவர் தலையசைத்தபோதே ஷெட் வாசலில் ஆட்டோ ஒன்று நின்றது. கண்ணாடிக் கடைக்காரர் சாயங்காலத்துக்குக் காத்திருக்கவில்லை.

"என்ன மேடம், தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. ஹோஸ் பழசாகி இளகிப் போச்சு. சூடேறினா கசியும், ஆறினா நிக்கும். பழைய வண்டியில சகஜம்."

"அவ்வளவுதானா?" அவர் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. வண்டியை எடுத்துக்கறேன்."

"முடியாது சார்," என்றான் மெக்கானிக். முதுகுக்குப் பின்னால் அவன் கையில் ஃபேன் பெல்ட் சுருண்டிருந்தது. அண்ணி போன் பேசப் போனபோதே அவனாகக் கழற்றியிருந்தான். "பெல்ட் போயிடுச்சு. இப்படியே ஓட்டினா எஞ்சின் வெந்துடும்."

"கொண்டு வந்து விட்டப்போ நல்லா இருந்துச்சே?"

அவர் வண்டியைச் சுற்றி வந்தார். இடது பக்கக் கதவருகே நின்றார். உள்ளே ஒரு ரப்பர் மூடி பாதி பிதுங்கியிருந்தது. ரேடியோ தடவிப் பார்த்தபோது நகர்ந்தது. அதை விரலால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"இந்தப் பக்கம் யார் ஏறினது?"

"நான்தான் சார்," என்றான் ரேடியோ. "ஏறிட்டேன். இறங்கத்தான் முடியல."

கண்ணாடிக் கடைக்காரர் சிரிக்க முயன்றார். "பழைய வண்டி. கைப்பிடி உடைஞ்சு போச்சு."

"உடைஞ்ச இடத்துல யாரும் துளைக்கு மூடி போட்டு, அளவெடுத்து ரெக்ஸின் ஒட்டிட்டு இருக்க மாட்டாங்க," என்றார் அண்ணி. "டிரைவர் பக்கக் கைப்பிடி மட்டும் புதுசா மின்னுது."

"அவ பாதுகாப்புக்காகச் செஞ்சது! வெகுளி அவ, கதவைத் திறந்து விழுந்துடுவா." இஸ்திரி கலைந்தது. "அவ எங்கே இருக்கான்னு உங்களுக்குத் தெரியும். தெரியும்ல? சொல்லுங்க. நான் அவ புருஷன்!"

அவர் அண்ணியை நோக்கி ஓரடி வைத்தார். ரேடியோ குறுக்கே வந்து நின்றான். ஒல்லி உடம்புதான், ஆனாலும் நகரவில்லை. மெக்கானிக் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றான். அப்படியே நின்றார்கள், ஜீப் வரும்வரை.

இறங்கிய பெண் இன்ஸ்பெக்டர் முதலில் கதவைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக் கடைக்காரரிடம் கையை நீட்டினார். "வண்டியோட இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்கும்ல? கொடுங்க. வண்டியும் ஸ்டேஷனுக்கு வருது, நீங்களும் வர்றீங்க."

மறுநாள் மலை ஆஸ்பத்திரியின் நர்ஸ் குடியிருப்பில், அண்ணி தட்டிய கதவு பாதிதான் திறந்தது. திறந்தவள் கூடப் படித்த தோழி. "இங்க யாரும் இல்ல," என்று சாத்தப் போனாள்.

"இருக்கட்டும்மா. இல்லாதவங்ககிட்ட ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்க. தேடச் சொன்னது அவங்க வீட்டுக்காரர்தான். ஆனா நான் அவருக்காக வரல. நேத்தோட அந்த வேலையை விட்டாச்சு. அந்த வண்டி இப்போ போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குது, கதவோட. வெளியே ஜீப்ல ஒரு இன்ஸ்பெக்டரம்மா இருக்காங்க. பேசறதும் பேசாததும் அவங்க இஷ்டம். பேசலன்னா, எனக்கு இந்த இடமே தெரியாது."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம். தோழியின் பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். யாரோ ஒருத்தியின் வெள்ளைக் கோட்டு அவளுக்குப் பெரிதாக இருந்தது. வலது கையின் இரண்டு விரல்களில் கட்டு.

அவள் அண்ணியைப் பார்த்தாள், ரேடியோவைப் பார்த்தாள், வராந்தாவின் கோடி வரைக்கும் பார்த்தாள். வேறு யாரும் இல்லை என்று நிச்சயமான பிறகுதான் பேசினாள்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"திருகு சுத்தமா இருந்துச்சு. மூடியிருந்துச்சு." அண்ணி தயங்கினார். "ஒரே ஒரு சந்தேகம்தான். முதல் ரெண்டு தடவை வீட்டுக்குத் திரும்பினதும் மூடினது சரி, அவருக்குத் தெரியக் கூடாது. மூணாவது தடவை நீங்க போகத்தானே போறீங்க? வேன் வர்ற நேரத்துல, கையைச் சுட்டுக்கிட்டு எதுக்கு மூடணும்? அதை மூடாம விட்டிருந்தா எனக்கே இது புரிஞ்சிருக்காது."

அவள் கட்டுப் போட்ட விரல்களை மற்ற கையால் மூடிக்கொண்டாள்.

"திறந்தபடியே விட்டிருந்தா அவர் முதல்ல யாரைப் பிடிப்பார்? அந்த மெக்கானிக் அண்ணனைத்தானே? கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னதைத் தவிர அவர் என்ன பண்ணினார் பாவம். வேன் ஹாரன் அடிச்சுது. துணி நழுவிடுச்சு. பரவாயில்லன்னு வெறும் விரலாலயே திருகிட்டேன்."

ரேடியோ அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

அவள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துத் தோழியின் கையில் கொடுத்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு வராந்தாவில் இறங்கினாள். இரண்டு தப்படி வைத்தவள் நின்று, அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வண்டியை மட்டும்தானே பார்த்தீங்க?" என்றாள். "இன்ஸ்பெக்டரம்மாவையும் கூட்டிட்டு வாங்க. வீட்டைக் காட்டறேன்."